சாவிக்கொத்து

தையல் கூடத்தின் இரும்புப் படியில் புது மேலாளர் நிற்கிறாள். கீழே மிஷின்கள் கடகடக்கின்றன. சாய்வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. "அவசர ஆர்டர். இன்னைக்கே இருந்து முடிக்கலாமா, நாளைக்குப் பாத்துக்கலாமா? நீங்களே சொல்லுங்க," என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். யாரும் தையலிலிருந்து கண்ணெடுக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் சொன்ன முன்வரிசைக்காரி மட்டும் அவளைத் தாண்டி, மேலே இருக்கும் கண்ணாடி அறையைப் பார்க்கிறாள். பழைய மேலாளர் செத்து ஒரு மாதமாகிறது. அங்கே அவர் நாற்காலி இன்னும் கூடத்தைப் பார்த்தபடியே கிடக்கிறது. 'சார்' அதட்டிப் பேசியதே இல்லை. சாவிக்கொத்தால் படியின் கைப்பிடியில் ஒரு தட்டு. அவ்வளவுதான், கூடமே மூச்சடங்கும். இந்தப் புது மேலாளரும் அந்த வரிசைகளில் உட்கார்ந்து தலை குனிந்தவள்தான். "என்னக்கா, வாய்க்குப் பூட்டா? நானும் உங்க ஆளுதானே," என்று சிரித்தபடி கைப்பிடியில் சாய்கிறாள். கையிலிருந்த அவருடைய சாவிக்கொத்து இரும்பில் இடிக்கிறது. சட்டென்று எல்லா மிஷின்களும் நிற்கின்றன. எல்லாத் தலைகளும் குனிகின்றன. "இருந்து முடிச்சுடறோம் சார்," என்கிறாள் முன்வரிசைக்காரி, முகத்தைத் தூக்காமல். தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்ல இவள் வாயெடுக்கிறாள். பிடரி கனக்கிறது. தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிகிறது. இவள் தலையும் குனிந்திருக்கிறது.