நாலாவது மாடி மெஷின்

கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு வெளியே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிரிண்டரின் பச்சைப் பட்டனை அழுத்திப் பிடித்தாள் அவள். கோடும் கட்டமுமாக ஒரு தாள் வந்து விழுந்தது. மெஷின் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அடிக்கும் தாள், யாருக்கும் உதவாது.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும். செய்வது திருட்டு வேலை என்று அவளுக்கும் தெரியும். தாளை வீணாக்கத்தான் மனசு வரவில்லை. அச்சான தாள்களையே திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்திலும் அடித்தாள்.

இந்த நாலாவது மாடி மெஷின்தான் அவளுக்குச் சோறு. தாள் போடுவது, சிக்கினால் எடுப்பது, வந்ததைப் பிரித்து மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. வீட்டில் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து கிடக்கிறான்.

இந்த வாரம்தான் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள். ஆபீசில் உள்ள பிரிண்டர் எல்லாம் ஒரே திரையில் தெரியும். எது எத்தனை தாள் அடிக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம்.

"பேப்பர் செலவு எகிறுதாம்க்கா, அதான் இது" என்றான், அதை ஏற்றிய கம்ப்யூட்டர் தம்பி. "வெள்ளிக்கிழமை பார்த்துட்டு ஒரு மெஷினைத் தூக்கிடுவாங்க."

மெஷின் போனால் அதைப் பார்க்கிற ஆளும் போக வேண்டியதுதான். அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சும்மா கிடக்கிற மெஷினைத்தானே தூக்குவார்கள்? அவளுடையதுதான் பாதி நாள் சும்மா கிடக்கிறதே!

மறுநாளிலிருந்து ஓட்டமும் நடையுமாக அலைந்தாள். கணக்குப் பார்க்கும் பெண்ணிடம் போய் நின்றாள்.

"பாப்பா, அந்தப் பெரிய ஃபைலை நம்ம மெஷின்ல அடிச்சிரேன்."

"அதெல்லாம் மெயில்லயே போயிடுதுக்கா."

"போனா போகட்டும். கையில ஒரு காப்பி இருக்கட்டுமே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பிரிண்ட் எடுத்தா புண்ணியமா? உங்களுக்காக ரெண்டாவே எடுக்கிறேன், போங்க" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

ரெண்டாவது மாடி மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் படியில் எதிர்ப்பட்டார். "எதுக்கும்மா இப்படி நாயா அலையுற? என் மெஷின் மக்கர் பண்ணிக்கிட்டு கிடக்கு. நான் யார்கிட்டயும் மூச்சு விடலியே. காலை நீட்டிட்டு உக்காந்திருக்கேன்."

"உங்களுக்கென்னண்ணே, மகன் சம்பாதிக்கிறான். இது போச்சுன்னா என் வீட்ல அடுப்பு எரியாது."

அவர் மேல் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. பாவம், வெள்ளிக்கிழமை இவருக்குத்தான் சீட்டு கிழியப் போகிறது.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் அறைக்குள் போனாள். திரையில் வரிசையாகப் பிரிண்டர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு நிறத்தில் பளிச்சென்று, நாலாவது மாடி. எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள். ரெண்டாவது மாடி அடியில் கிடந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தம்பி தலையைச் சொறிந்தான். "எப்படிக்கா இது? திங்கக்கிழமைகூட உங்க மெஷின் அடியிலதானே கிடந்துச்சு?"

"எல்லாம் பாடுபட்டதுதான் தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே என் மெஷின் மேல யாரும் கை வைக்க மாட்டாங்கல்ல?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி சொன்னான்:

"அதிகமா பேப்பர் தின்ற மெஷினைத்தான்க்கா தூக்குறாங்க."