மாரிஸ் காரின் சோதனைத் தாள்கள்

"சோதனைத் தாளெல்லாம் வேண்டாம் மேடம். காரை நான் எடுத்துக்கறேன்" என்றான் அந்த இளைஞன், கராஜ் கதவு முழுதாகத் திறப்பதற்குள்.

கிளெண்டாவுக்குச் சுருக்கென்றது. பழைய கார் வாங்க வருகிறவர்கள் மண்டியிட்டு அடியில் டார்ச் அடிப்பார்கள். துருவைச் சுரண்டுவார்கள். வருஷா வருஷம் நடந்த அரசாங்கத் தகுதிச் சோதனைகளின் முடிவைக் கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

ரீஸ் என்று பேர் சொன்ன இவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ஸ்டேஷனிலிருந்து மழையில் நடந்தே வந்திருந்தான். விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியைப் பிரித்துப் பிரித்து விற்கிற ஆளோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ஏற்கெனவே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒருவர் கல்யாண வாடகைக்கு விடப்போகிறேன் என்றார். இன்னொருவர் எஞ்சினைத் தூக்கிவிட்டு பாட்டரி வைக்கப்போவதாகச் சொன்னார். "அதுக்கு நீங்க ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக்கலாமே" என்று டீகூடக் கொடுக்காமல் கதவைச் சாத்திவிட்டாள்.

கார் யார் கைக்குப் போகிறது என்பது அவளுக்கு அத்தனை முக்கியம். முப்பத்துமூன்று வயதில் குழந்தை வேண்டும் என்று அவள் கேட்டபோது, கணவர் டெரிக் இதே கராஜில் இந்த மாரிஸுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இது ஒண்ணு போதும் கிளெண். ஒரு குழந்தைக்குக் கொடுக்க என்கிட்ட மிச்சம் ஒண்ணுமில்லே" என்றார்.

அவள் சில மாதங்கள் அழுதாள். பிறகு ஒப்புக்கொண்டாள். ஒரு மனிதன் ஒன்றின்மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்தால் அதை மதிக்கத்தானே வேண்டும்?

சனிக்கிழமை காலை, வேல்ஸ் கடற்கரைப் பக்கம் பழைய கார்க்காரர்கள் கூடுகிறார்கள் என்று கிளம்பினால் ஞாயிறு மாலைதான் திரும்புவார். பெட்ரோல் வாசனையே அவளுக்கு ஆகாது. சாண்ட்விச் கட்டிக் கொடுத்து வழியனுப்பிவிட்டு வீட்டில் இருப்பாள்.

போன பிப்ரவரியில் டெரிக் இறந்துபோனார். இப்போது இந்தக் கார் ஏதோ ஒரு கையில் சிக்கிச் சீரழிந்தால், தான் விட்டுக்கொடுத்ததும் பழைய இரும்பு விலைக்குப் போன மாதிரிதான்.

"உள்ள உட்கார்ந்தாவது பாரேன் தம்பி."

ரீஸ் தயங்கினான். பிறகு பின்கதவைத் திறந்து பின் இருக்கையில் போய் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் முன் இருக்கையில் இடித்தன.

"என்ன, டாக்ஸியா பிடிச்சிருக்கே? ஓட்டறவன் முன்னாடி உட்காரணும்பா."

அவன் லேசாகச் சிரித்தான். கை அங்கிருந்த சீட் பெல்ட்டைப் பிடித்திருந்தது.

"அந்தப் பெல்ட்டு அவரே மாட்டினது" என்றாள் பெருமையாக. "அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கார், பின்னாடி பெல்ட்டே கிடையாது. அவ்வளவு ஜாக்கிரதை அவருக்கு."

அவன் தலையாட்டினான். பெல்ட்டை விரலால் தடவிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் அவளுடைய சந்தேகம் கரைந்துவிட்டது. இவனிடம் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்று தோன்றிய பிறகு, இவனிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றும் தோன்றியது. நூலகத்துப் பெண் இணையத்திலிருந்து அச்செடுத்துக் கொடுத்த சோதனைத் தாள்கள் உறையிலேயே இருந்தன. அவளும் இன்னும் பிரித்துப் பார்க்காத அந்த உறையைக் கையில் எடுத்தாள்.

"நிஜமாவே வேண்டாம் மேடம்" என்றான் ரீஸ் அவசரமாக. "நான் பார்த்துட்டேன்."

"பார்த்தா என்ன, இன்னொரு தரம் கேளு. நாளைக்கு நடுரோட்டுல நின்னா கிழவி ஏமாத்திட்டாள்னு சொல்லக் கூடாது பாரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தாள். "ரெண்டாயிரத்துப் பதினெட்டு, பாஸ். அதுக்கப்புறம் வயசான கார்னு சோதனையே வேண்டாம்னு விட்டுட்டாங்க. என்னையும் டாக்டருங்க அப்படி விட்டா தேவலை. பதினஞ்சு, முன்சக்கர பிரேக் ஒருபக்கமா இழுக்குது. பத்து, வைப்பர் சரியில்லே. ஒன்பது…"

நிறுத்தினாள். பிறகு குரல் இறங்கிப் படித்தாள்.

"'பின் இருக்கையில் குழந்தை சீட் மாட்டியிருந்ததால் பெல்ட்டை முழுதாகச் சோதிக்க முடியவில்லை.'"

அடுத்த தாளைப் புரட்டினாள். எட்டிலும் அதே வரி. ஏழிலும், ஆறிலும்.

காதெல்லாம் சுட்டது. முதலில் வந்தது வெட்கம்தான். இந்தப் பையன் தன்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிடுவானே என்ற வெட்கம். அதைத் தாண்டி வேறெதையும் நினைக்க மனசு இடம் கொடுக்கவில்லை.

"இது தப்பு தம்பி. நம்பரை மாத்திப் போட்டுட்டாங்க, வேற யார் காரோ. எங்களுக்குக் குழந்தையே கிடையாது. இந்த வண்டியில குழந்தைன்னு ஒண்ணு ஏறினதே இல்லே. சத்தியமா நான் பொய் சொல்றவ இல்லே."

ரீஸ் பெல்ட்டை விட்டுவிட்டு மெல்ல இறங்கி வந்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான்.

"நீங்க பொய் சொல்லலே மேடம். அந்த சீட்டுல உட்கார்ந்திருந்தது நான்தான்."