முப்பத்தேழாவது சுற்றளவு

எந்த வருடம் என்பது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று சந்தேகம்தான். ஆனால் சந்தாபுராவுக்கு அப்பால் இருந்த எங்கள் சோதனைத் தோப்பில் நட்டது முப்பத்தாறு சில்வர் ஓக் மரங்கள், வரிசைக்கு ஆறு. அதில் சந்தேகமில்லை.

ஜனவரிதோறும் நானும் உடன் வேலை பார்த்த பிரிஜெட்டும் தனித்தனியே போய், நெஞ்சு உயரத்தில் மரங்களின் சுற்றளவை எடுப்போம். ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவர் அளவுகளுக்கும் இடையே வரும் சராசரி வித்தியாசம்தான் சோதனையின் பிழை; அது பத்து சதவீதத்தைத் தாண்டினால் தோப்பை மூடிவிடுவார்கள். எங்கள் வேலையும் போய்விடும்.

அந்த வருடம் இருவர் நோட்டிலும் முப்பத்தேழு அளவுகள் இருந்தன. கடைசி அளவு இருவருக்குமே நாற்பத்தொன்றரை சென்டிமீட்டர்.

"ரகு, நீ ஒரு மரத்த ரெண்டு தடவ அளந்திருக்க," என்றாள் பிரிஜெட்.

"அப்ப நீ?"

"நான் அப்படியெல்லாம் பண்ற ஆளில்லப்பா."

திரும்பப் போய் எண்ணினோம். முப்பத்தாறு மரங்கள்தான் நின்றன. அவற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பிழை பத்துப் புள்ளி ஒன்று. முப்பத்தேழையும் சேர்த்தால் ஒன்பது புள்ளி எட்டு.

எங்கள் அதிகாரி உத்தமன் இரண்டு நோட்டுகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"அதுவா வந்து நிக்குது. நாமளும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்றார், 'கொஞ்சம்' என்பதற்கு ஊர்க் கன்னடத்தைப் போட்டு. மூவரும் சிரித்துவிட்டோம்.

வேலை தப்பியது. உத்தமன் ஓய்வு பெற்று மல்லேஸ்வரத்தில் சௌக்கியமாக இருக்கிறார். மரங்களைப் போன மார்ச்சில் வெட்டியாயிற்று. பிரிஜெட்டும் நானும் இப்போதும் ஜனவரியில் டேப்போடு அந்த வெறும் தரைக்குத் தனித்தனியே போய்வருகிறோம். இந்த வருடம் இருவர் நோட்டிலும் ஒரே ஓர் அளவுதான், ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர், இருந்தது.