ஐந்துக்கு ஐந்து

"உக்கார இடமெல்லாம் எப்படி இருக்கு? அஞ்சுக்கு எவ்வளவு போடலாம்?"

"அஞ்சு," என்றார் ஒற்றைக் காலில் நின்றிருந்த தையல்காரர். இன்னொரு காலை வைக்க அந்த மின்சார ரயில் பெட்டியில் இடமில்லை.

"நேரத்துக்கு வருதா?"

இருபது நிமிடம் தாமதமாக வந்த வண்டி, இப்போது நடுவழியில் வேறு நின்றிருந்தது. "டாண்ணு வருது. அதுக்கும் அஞ்சே போடும்மா."

கணக்கெடுக்க வந்த பெண், முகத்தில் சிரிப்பே இல்லாமல் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள். மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு எவ்வளவு திருப்தி, மெட்ரோவில் போகிறவர்களுக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. செய்ததோ பச்சைப் பித்தலாட்டம். பதில்களை எல்லாம் ஏறியவுடனேயே அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

எல்லாம் கதவோரக் கம்பியைப் பிடித்து நின்றிருந்த தன் அக்காவுக்காகத்தான். ஆறு மாத வயிற்றோடு தினமும் இதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவள் அவள்.

"ஏன்டி எல்லாரையும் பொய் சொல்லச் சொல்ற?" என்றாள் அக்கா.

"நம்ம இருபத்தோராம் நம்பர் பஸ் என்னாச்சு, மறந்துட்டியா? இப்படித்தான் வந்து கேட்டாங்க. நாமளும் வாய்க்கு வந்தபடி திட்டினோம். யாருக்கும் பிடிக்காத பஸ் எதுக்குன்னு அடுத்த மாசமே நிறுத்திட்டாங்க. இந்தக் கணக்கெடுப்பு எதுக்குன்னும் யாரும் சொல்லல."

அக்கா மறக்கவில்லை. இந்த வண்டியும் நின்றுபோனால் மெட்ரோதான். பாதிச் சம்பளம் டிக்கெட்டுக்கே போய்விடும். அதற்கு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடலாம்.

"கடைசிக் கேள்வி. கூடுதலா பெட்டி வேணுமா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு பெட்டி சேர்த்தா நல்லாத்தான் இருக்கும். இந்த மூணு மாசமாவது உக்காந்துட்டுப் போவேன்."

"சும்மா இரு. ஏற்கெனவே நஷ்டத்துல ஓடுற வண்டி. பெட்டி வேற கேட்டா ஒரேயடியா ஊத்தி மூடிடுவாங்க."

"சரி, வேண்டாம்னே போட்டுக்கோ," என்று அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியில் இருந்த மற்றவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் வேண்டாம் என்றார்கள்.

மத்தியானம் மெட்ரோ. அங்கே அவள் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூடினால் இதை மூடிக்கொள்ளட்டுமே என்ற வயிற்றெரிச்சல்தான்.

காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் குளிர் போதவில்லை என்று இரண்டு போட்டார். எதிரே இருந்த அம்மாள், குளிர் அதிகம் என்று ஒன்று போட்டார். கூடுதல் பெட்டி கட்டாயம் வேண்டுமாம். பக்கத்து சீட்டில் பையை வைத்தால் யாராவது வந்து எடுக்கச் சொல்லிவிடுகிறார்களாம்.

அடுத்த வாரம் அதிகாரியின் அறையில் அவள் நின்றிருந்தாள். அறிக்கையைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மின்சார ரயிலுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டா?"

"ஆமா சார். யாருக்கும் ஒரு குறையும் இல்ல." அவள் மேசையை ஒட்டி வந்தாள். "அந்த வண்டியை நிறுத்திட மாட்டீங்கல்ல சார்?"

"நிறுத்தறதா? அப்படி ஒரு பேச்சே கிடையாதும்மா. யார் கிளப்பி விட்டது?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவுக்கு உடனே போன் போட்டுச் சொல்லக் கை பரபரத்தது.

அதிகாரி அறிக்கையை மூடி உதவியாளரிடம் நீட்டினார். "இந்த வருஷம் வாங்கப்போற எட்டுப் பெட்டியையும் மெட்ரோவுக்கே எழுதிடுங்க. பாவம், அங்கதான் ஜனங்க கஷ்டப்படுறாங்க."