நான்காம் கட்டத்துச் சிரிப்பு

இசை ஆசிரியர் பெல்ச்சரின் விரல்களில் பென்யே பலகாரத்தின் சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்தது. அந்த விரலாலேயே அவர் பாட்டுத் தாளைத் தட்டினார்.

ஆளுயர பாஸ் வயலினைப் பிடித்து நின்ற ஓராலி அந்தத் தாளைப் பார்த்தாள். அது அவள் அண்ணன் அல்சீட் இயற்றிய ஒரே பாட்டு.

"நிறுத்து ஷவோன். இங்க சி மேஜர். மெட்டைச் சுத்தி நீ சேர்க்கிற சுரமெல்லாம் மைனரா இருக்கு. காதை வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா?" என்றார் பெல்ச்சர்.

சனிக்கிழமை வகுப்பு மொத்தமும் சிரித்தது. ஷவோன் ட்ரம்பெட்டை இறக்கினாள்.

"என் காதுக்கு அப்படித்தான் சார் வருது."

பெல்ச்சர் விளக்கினார். பாட்டு முழுக்க மைனரில் அழுகிறது. நடுப்பகுதியின் நான்காம் தாளக் கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு மேஜர் கார்ட், மகிழ்ச்சியான சுரக்கூட்டு. கண்ணீருக்கு நடுவே ஒரு சிரிப்பு. மேதைமை! அதைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதியிருந்தார்.

மேதைமையாம். உண்மை ஓராலிக்குத் தெரியும்.

அது மைனர். கார்டைக் குறிக்கும் எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டால் மைனர். கோடு இல்லாவிட்டால் மேஜர். அல்சீட்டின் தாளைக் கையால் பிரதி எடுத்தபோது கோடு விட்டுப்போயிற்று. அந்த இடத்தில் மெட்டு வந்து நிற்கும் சுரம் இரண்டு கார்டிலும் உண்டு. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. பிரதியின் பிரதியாக, நாற்பது வருடமாக நியூ ஆர்லியன்ஸ் ஊரே அதை வாசித்தது.

சாவதற்கு முந்தின வாரம் அல்சீட் அதை ரேடியோவில் கேட்டான். என் பாட்டை எவன் சிரிக்க வைத்தது என்றான். எவனோ குடிகாரன் என்றாள் ஓராலி.

"மிஸ் ஓராலி, நீங்களே சொல்லுங்க. இது உங்க அண்ணன் கையெழுத்துதானே?"

பெல்ச்சர் பழைய தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஷவோன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைப்பின் கடைசி எழுத்துக்கு நீளமாய்ச் சுருண்ட வால். பள்ளியில் கன்னியாஸ்திரீகள் பிரம்பால் அடித்தும் ஓராலி தன் கையெழுத்தில் விடாத வால்.

"ஆமா," என்றாள். "பேப்பர்ல இருக்கிறபடியே ஊது, கண்ணு."

ஷவோன் ஊதினாள். நான்காம் கட்டம் சிரித்தது.

ஓராலி தலையைக் குனிந்துகொண்டு, மேஜருக்கும் மைனருக்கும் பொதுவான அந்த அடிச்சுரத்தை இழுத்தாள். நாற்பது வருடமாக அந்த இடத்தில் அவள் வாசித்தது அது ஒன்றைத்தான்.