சிவப்புச் சட்டை

எண்பத்தாறில் மெல்பேர்னிலிருந்து நிலவியல் வகுப்போடு பாலைவனத்து விண்கல் விழுந்த பள்ளங்களைப் பார்க்கப் போயிருந்தோம். நல்ல கல் கிடைக்கும் என்ற என் அறிவுகெட்ட ஆசையால், நானும் வகுப்புக்குப் புதிதாக வந்திருந்த கிறகோரியும் கூட்டத்தை விட்டு விலகி வேறொரு பள்ளத்தில் இறங்கினோம். சறுக்கி விழுந்ததில் என் கால் முறிந்தது. என்னை விட்டுப் போகமாட்டேன் என்று அவனும் இரவெல்லாம் கூடவே கிடந்தான். விடிவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"என் சிவப்புச் சட்டைய எடுத்துக்கிட்டு மேல போ. யாராச்சும் தேடி வந்தா வீசிக் காட்டு."

"ஓம் மோகன், போறன்."

வெயில் உச்சிக்கு வந்தபோது ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. நேர் மேலே வந்து சுற்றியது. கத்தினேன்; குரலே எழும்பவில்லை. சத்தம் மெல்லத் தேய்ந்து அடங்கிப் போனது.

கிறகோரி இறங்கி வந்தான். முகமெல்லாம் மண்.

"பார்த்துட்டாங்களா?"

"இல்லை. சிவப்புத் தெரிஞ்சிடும் எண்டு சட்டையை வயித்துக்குக் கீழ வச்சு, பாறைக்கு அடியில குப்புறப் படுத்திட்டன்."

யாழ்ப்பாணத்தில் ஹெலிகாப்டர் வந்தால் சுடத்தான் வரும். அவன் அங்கிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பயப்பிடாதை. ஹெலி போயிட்டுது. தப்பிட்டம்."