இரை வாசல்

நீர்ப்பாம்பு வளர்க்கிறவர் வீட்டில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி செய்யும் வேலை. சடையாண்டி தண்ணீர்த்தொட்டி கட்டுகிற கொத்தனார். உள்ளே நின்று பூசி முடித்து, மேல்வாய் வழியாக ஏறி வருவதே அவனுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் கடைசிக் கண்ணாடியையும் உள்ளிருந்தே ஒட்டிவிட்டான். நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. பாம்பு ஏறிவிடாமலிருக்க மேலே கம்பிவலையை முதலிலேயே இறுக்கியாயிற்று. மிச்சமிருந்தது இரை போடும் கையகல வாசல் மட்டும்.

வெளியே கண்ணாடியைத் தாங்கிப் பிடித்திருந்த அவன் மனைவி பேச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவுக தொட்டி கட்டுன லட்சணத்தப் பாரு!"

"தள்ளிராதப்பா, விழுந்து நொறுங்கிரும். பசை காயவே நாளைக்காகும். அப்புறம் வலையக் கழட்டலாம்" என்றார் வீட்டுக்காரர். அவர் கையிலிருந்த வாளிக்குள் ஆறு பாம்புகள் நெளிந்தன. "இதுகளுக்கும் இன்னிக்கே எடம் வேணும். கடிச்சாலும் விஷமில்ல."

பேச்சியின் சிரிப்பு நின்றது. பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். "நீங்க அந்தப் பக்கமா ஒதுங்குங்க" என்றாள் உள்ளே நின்ற கணவனிடம்.

உடைத்தால் இந்த ஊரில் இனி யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வாளி வாசலருகே வந்துவிட்டது. சடையாண்டி வேண்டாமென்று அவளுக்குத் தலையாட்டிவிட்டு, கைலியைத் தார்ப்பாய்ச்சி இறுக்கிக் கட்டிக்கொண்டான்.